ஆயுதமா, கருவியா? பட்டறை போர்டில் எந்தச் சொல்லை எழுதுவது?

பட்டறை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சொல்லைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறார். தாத்தா காலத்து உலை. கார், பிசானம் என்று இரண்டு பூ விளைகிற ஊர் என்பதால், அறுப்புக்கு முந்திய பத்து நாளும் பன்னரிவாளுக்குப் பல் வெட்டவும் தீட்டவும் ஆட்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அறுப்பு மிஷின் வந்த பிறகு அந்தக் கூட்டம் இல்லை. இப்போது மண்வெட்டி, கோடாலி, வெட்டரிவாள், தேங்காய் உரிக்கிற பாரை, வீட்டு அரிவாள்மணை இவைதான் ஓடுகின்றன. திசையன்விளை பக்கமிருந்து இரண்டு பனையேறிகள் மட்டும் பதநீர்க் காலத்துக்கு முன்னால் தவறாமல் வந்து பாளை அரிவாள் அடித்து வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்கு அப்பா ஒரு முழு நாள் ஒதுக்குவார். லாரி ஸ்பிரிங் பட்டையைத் துண்டு போட்டு, செக்கச் சிவக்கக் காய்ச்சி, தட்டித் தட்டி மெலிதாக்கி, கடைசியில் தோய்ச்சல் போடும்போது யாரும் பக்கத்தில் பேசக் கூடாது. விளிம்பில் நிறம் ஓடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் தண்ணீரில் முக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் வாய் மழுங்கிவிடும், முந்தினால் உடைந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையின் தகர போர்டு துருப்பிடித்து விழுந்துவிட்டது. புதிதாக எழுத ஒருவரிடம் சொன்னோம். அவர் ஒரு தாளில் மாதிரி எழுதிக் கொண்டுவந்தார். “இங்கு எல்லா வகையான ஆயுதங்களும் செய்து தரப்படும்.” அப்பா இரண்டு தடவை வாசித்தார். தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். “நான் என்ன சண்டைக்கா அடிச்சுக் குடுக்கேன்? ஆயுதம்னு எழுத வேண்டாம்யா.”

அவருக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு காயம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயில் கொடைத் திருவிழா சமயம். ஏழு பன்னரிவாளைச் சாக்கில் சுற்றி, பக்கத்து ஊர் வயலுக்குக் கொடுக்கப் பேருந்தில் போனார். வழியில் சோதனை. காலையில் இறக்கியவர்கள் சாயங்காலம் வரைக்கும் உட்கார வைத்துவிட்டார்கள். சாமானைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியும் விட்டார்கள், அது வேறு. ஆனால் ஒரு தாளில் “ஏழு ஆயுதங்கள்” என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. “பல்லு வச்ச பன்னருவாம்மா. நெல்லுத் தாளத் தவிர அது எதை அறுக்கும்? அதப் போயி ஆயுதம்னு எழுதிட்டானுவ” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் அதே மனுஷர்தான் வருஷத்தில் ஒரு நாள் அந்தச் சொல்லைத் தானாகச் சொல்கிறார். சரஸ்வதி பூசை அன்று உலை அணைந்திருக்கும். துருத்தி, சம்மட்டி, குறடு, அடைகல் எல்லாவற்றையும் கழுவித் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, பொரிகடலை பரப்பிவிட்டு, “எம்மா, ஆயுதத்துக்குக் குங்குமம் வையி” என்பார். மற்ற நாளெல்லாம் அது “சாமான்”, “வேலைச் சாமான்”.

அதனால் எனக்குத் தெரிய வேண்டியது இது. ஆயுதம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? சண்டைக்கு மட்டும்தான் அது பொருந்துமா? ஃ எழுத்தில் உள்ள மூன்று புள்ளி கேடயத்தில் உள்ள மூன்று குமிழ், அந்த ஆயுத எழுத்திலிருந்துதான் ஆயுதம் என்ற சொல்லே பிறந்தது என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, அது சரியா? இந்தச் சொல் வருவதற்கு முன்னால் நம் ஆட்கள் இதையெல்லாம் என்னவென்று சொன்னார்கள்? போர்டில் கடைசியில் எதை எழுதுவது?

பாளை வாத்தியார்:

அம்மா, உன் அப்பாவின் காது சரியான காது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆயுதம் வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே யுத் என்றால் போரிடுதல். அந்த வேரிலிருந்து யுத்தம், அதே வேருக்கு முன்னால் ஆ சேர்ந்து ஆயுதம். அயோத்தி என்ற ஊர்ப்பெயரும் இந்தக் குடும்பம்தான், போரிட்டு வெல்ல முடியாதது என்று பொருள். ஆக ஆயுதம் என்று சொன்ன மாத்திரத்தில் உள்ளே ஒரு சண்டை உட்கார்ந்திருக்கிறது. பன்னரிவாளுக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை என்று உன் அப்பாவுக்குத் தோன்றியது வேர்ப்பொருளின்படி முழுக்க நியாயம்.

வாட்ஸாப் செய்தி தவறு. அந்த எழுத்தின் பெயர் ஆய்தம். நடுவில் இருப்பது ய், யு அல்ல. தொல்காப்பியம் அதை ஆய்தம் என்றும் முப்பாற்புள்ளி என்றும்தான் சொல்கிறது. அதே நூலின் உரியியலில் “ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்” என்று ஒரு நூற்பா இருக்கிறது. ஆய்தல் என்றால் நுணுகுதல். நுணுகி ஒலிக்கிற எழுத்து ஆய்தம். கேடயக் கதை, வடிவத்தைப் பார்த்துப் பிறகு சொன்ன விளக்கம். ஓசை ஒன்றுபோல இருப்பதால் பேச்சில் அது ஆயுத எழுத்து ஆகிவிட்டது. 34 வருஷம் வகுப்பில் இதைத் திருத்திக்கொண்டே இருந்தேன், பையன்கள் இன்னும் அப்படியேதான் சொல்கிறார்கள். ஒன்று மட்டும் எனக்குப் பிடித்தமானது: எஃகு என்ற சொல்லுக்குள் அந்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது. எஃகு உன் அப்பா அடிக்கிற உருக்கு. பழந்தமிழில் வேலுக்கும் வாளுக்கும்கூட அதுவே பெயர். பணத்தைச் சம்பாதி, பகைவன் செருக்கை அறுக்க “எஃகதனிற் கூரிய தில்” என்கிறார் வள்ளுவர்.

முன்னால் என்ன சொன்னார்கள் என்று கேட்டாய். பொதுச்சொல் படை. இன்றைக்குப் படை என்றால் நமக்கு ஆட்கள் கூட்டம். அன்றைக்கு ஆளும் படை, அவன் கையில் இருப்பதும் படை. “தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்” என்ற குறளில், கும்பிடுகிற கைக்குள் ஒளிந்திருப்பது சேனை இல்லையே, கத்திதானே. அழுத கண்ணீர் “செல்வத்தைத் தேய்க்கும் படை” என்பதும் அப்படித்தான். திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஐந்தையும் சின்னதாகச் செய்து குழந்தை கழுத்தில் கட்டுவது ஐம்படைத்தாலி. அதே ஐந்தைப் பஞ்சாயுதம் என்றும் சொல்கிறோம். படை இருந்த இடத்தில் ஆயுதம் வந்து உட்கார்ந்ததை இந்த ஒரு ஜோடியிலேயே பார்த்துவிடலாம். எங்கள் ஊரில் ஆயுதப்படை மைதானம் இருக்கிறது. அந்தப் பெயரில் ஒரே பொருள் இரண்டு தடவை வந்திருக்கிறது என்று பக்கத்தில் நடப்பவர்களிடம் சொல்வேன்.

கருவி வேறு ரகம். “கருவி தொகுதி” என்கிறது தொல்காப்பியம். இடி, மின்னல், மழை எல்லாம் சேர்ந்து திரண்ட மேகத்தைக் கருவி வானம் என்று பாடியிருக்கிறார்கள். ஒரு காரியத்துக்கு வேண்டியவை ஒன்றுகூடி நிற்பது என்ற வாசனை அந்தச் சொல்லில் இருக்கிறது. சண்டை அதற்குள் தானாக இல்லை. போர்க்கருவி என்று சொல்ல வேண்டுமானால் போரை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டும்.

ஆனாலும் ஆயுதத்தை முழுக்கச் சண்டைக்கே எழுதிக் கொடுத்துவிடாதே. செங்கோட்டையைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் போனால், தச்சன் கையில் இருக்கிற உளியையும் வாய்ச்சியையும் மலையாளத்தில் பணியாயுதம் என்பார்கள். வேலைக்கான சாமான் என்று பொருள். உங்கள் பூசையில் சம்மட்டிக்குக் குங்குமம் வைக்கும்போது வருகிற ஆயுதம் இந்த ஆயுதம்தான்.

தமிழிலேயே இந்த எல்லைக்கோடு அழிந்து அழிந்துதான் கிடக்கிறது. அரசன் இடுப்பில் தொங்குவது வாள். தச்சன் மரம் அறுக்கிற ஈர்வாளும் வாள். நெல் அரிவதற்கு அரிவாள். ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். 1899-இலிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாமிரபரணிக் கரையில் இறந்தவர்களைப் புதைத்த தாழிகளோடு கிடைத்த இரும்பில் வாளும் உண்டு, ஈட்டி முனையும் உண்டு, மண் கொத்துகிற சாமானும் உண்டு.

கடைசியாக ஒன்று. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது போன பாட்டு புறநானூற்றில் 95-ஆவது. அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு ஔவை சொல்கிறாள்: இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து “கொல்துறைக் குற்றில்” கிடக்கின்றன. குற்றில் என்றால் சிறிய வீடு. கொல்லனுடைய சின்னக் கொட்டகை. உன் அப்பாவின் பட்டறைக்கு இரண்டாயிரம் வருஷத்துப் பழைய பெயர் இதுதான். ஆயுதத்துக்குப் பொதுப்பெயர் ஒன்றுகூட அந்தப் பாட்டில் கிடையாது. இவை, அவை என்று சொல்லிக்கொண்டே போய்க் கடைசிச் சொல்லாக “வேலே” என்று முடிக்கிறாள்.

வில்லடி வீட்டுப் பேரன்:

தங்கச்சி, வாத்தியார் ஐயா சொன்ன அளவுக்கு எனக்கு இலக்கணம் தெரியாது. கருவி என்றதும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் தாத்தா வில்லுப்பாட்டு அண்ணாவி. வில்லடி என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆளை விட நீளமான வில், நாண் இழுத்துக் கட்டி, வரிசையாக மணி தொங்கும். அதை வீசுகோலால் அடித்துப் பாடுவார். பக்கத்தில் குடம், உடுக்கு, கட்டை, ஜால்ரா. ஒரு தடவை டவுனில் ஒரு நிகழ்ச்சியில் அறிமுகம் செய்தவர், “போர் ஆயுதமான வில்லை வைத்துப் பாடும் கலை” என்று மைக்கில் சொன்னார். தாத்தா மேடையிலேயே மெதுவாகச் சொன்னார்: “அம்பு இருந்தாத்தானய்யா ஆயுதம். இது கருவி.” இசைக்கருவி என்றுகூட அவர் சொல்லவில்லை, வெறும் கருவி.

அப்புறம் கொடையில் பார்த்திருப்பீர்கள். சுடலைமாடனுக்கு வல்லயம் என்கிற ஈட்டி உண்டு, வெட்டரிவாள் உண்டு. சாமியாடுகிற கோமரத்தாடி கையில் எடுத்து ஆடுவார். எங்கள் கோயிலில் யாரும் அதை ஆயுதம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வல்லயத்தை எடு, சாமி அருவாளைக் கொண்டா, அவ்வளவுதான். வருஷா வருஷம் அந்த அருவாளைப் பட்டறையில் கொடுத்துத் தட்டி, தீட்டி வாங்குவோம். கொல்லாசாரி அதற்குக் கூலி வாங்க மாட்டார். தேங்காய், பழம், வெற்றிலை வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

கோர்ட்டு குமாஸ்தா:

அக்காவின் அப்பாவுக்கு நடந்ததை வாசித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. அவருக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஆயுதம் என்றால் என்ன என்று இரண்டாம் பிரிவிலேயே சொல்கிறது. தாக்கவோ தற்காக்கவோ என்று வடிவமைத்த பொருள்கள், கூர்முனை கொண்டவையும் துப்பாக்கியும் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்த பொருள்கள் அதில் சேராது என்று அந்த வரையறைக்குள்ளேயே விலக்கும் இருக்கிறது. நெல் அறுக்கிற பன்னரிவாள் விவசாயத்துக்கு மட்டுமே ஆனது. அந்தத் தாளில் எழுதிய சொல் சட்டத்தின் சொல் இல்லை.

அடிதடி வழக்கு வேறு மாதிரி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 324, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 118. அங்கே, ஆயுதமாகப் பயன்படுத்தினால் மரணம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் என்று வருகிறது. வாத்தியார் சொன்ன அதே இரண்டு சொல். பட்டறையிலிருந்து போகும்போது கருவி, ஒருவன் மேல் ஓங்கும்போதுதான் ஆயுதம். ஓங்கியவன் பொறுப்பு, அடித்துக் கொடுத்தவர் பொறுப்பில்லை.

நம் சீமையில் இந்தச் சொல்லுக்கு அதிகாரிகள் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு. 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது. அந்த வருஷம் டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் போட்டார். பாளையக்காரர் கோட்டைகளை இடிப்பது, மக்களிடம் இருக்கிற ஈட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் ஒப்படைக்கச் செய்வது. 1878-இல் நாடு முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. வீட்டில் இருக்கிற இரும்பைப் பார்த்து இது என்ன என்று கேட்கிற பழக்கம் அங்கே ஆரம்பித்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

பட்டறை மகள்:

வாத்தியார் ஐயாவுக்கும் அண்ணாச்சிக்கும் தம்பிக்கும் நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். சட்டத்தில் விவசாயச் சாமானுக்கு விலக்கு இருக்கிறது என்ற வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஔவையார் பாட்டைச் சொன்னபோது, முனை முறிந்த வேலைக் கொல்லன் என்ன செய்திருப்பான் என்று கேட்டார். மறுபடி காய்ச்சி, தட்டி, தோய்ச்சல் போட்டிருப்பான் என்று அவரே பதிலும் சொன்னார். முறிந்ததை ஒட்டவைக்க முடியாதாம், நீளம் குறைந்துதான் போகுமாம்.

பூசை அன்றைக்கு மட்டும் ஏன் ஆயுதம் என்று சொல்கிறீர்கள் என்று கேட்டேன். நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லை. “அன்னைக்கு நான் அதக் கையில எடுக்க மாட்டேம்லா. கையில எடுத்தாத்தானம்மா அது சாமான்” என்றார்.

பாளை வாத்தியார்:

உன் அப்பா சொன்னதை நான் குறித்து வைத்துக்கொண்டேன் அம்மா. பாண்டவர்கள் ஒளிந்து வாழ்ந்த ஒரு வருஷம் தங்கள் ஆயுதங்களை வன்னி மரத்தில் கட்டி வைத்தார்கள் என்பது பாரதக் கதை. அவற்றைத் திரும்ப எடுத்த நாள் விஜயதசமி என்று சொல்வது நம் வழக்கம். அதற்கு முந்தின நாள்தானே உங்கள் உலை அணைந்திருக்கிறது. கையில் எடுக்காத நாளின் பெயர் அது என்று அவர் சொன்னது கதையோடும் ஒத்துப்போகிறது.

போர்டுக்கு என் ஓட்டு “வேளாண் கருவிகள்”. சுருக்கமாகவும் இருக்கும்.

பட்டறை மகள்:

ஐயா, கருவிகள் என்று எழுதலாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அப்பாவுக்கு அது கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து விற்கிற சாமான் மாதிரி இருக்கிறதாம். ஔவையார் வேலை வேல் என்றுதானே சொன்னாள், நாமும் அது அதன் பெயரையே எழுதுவோம் என்கிறார்.

போர்டு எழுதுகிறவர் நேற்று வந்தார். எழுத்துக் கணக்கில் கூலி என்பதால், இத்தனை பெயர் எழுதினால் முதலில் சொன்னதைப் போல இரண்டு மடங்கு ஆகும் என்றார். அப்பா சரி என்றுவிட்டார். மேலே கொல்லுப்பட்டறை என்று பெரிதாக. கீழே வெட்டரிவாள், பாளை அரிவாள், மண்வெட்டி, கோடாலி, பாரை, அரிவாள்மணை. கடைசி வரியில், பழையதைத் தீட்டியும் தோய்ச்சல் போட்டும் தருவோம் என்பது.

இந்த வரிசையை எழுதி முடித்துக் காட்டியபோது அப்பா தலையை ஆட்டினார். பன்னரிவாளைக் காணோமே என்றார். இப்போது யாரும் அதைக் கேட்டு வருவதில்லை என்பதால் நான்தான் விட்டிருந்தேன். அதை எல்லாவற்றுக்கும் முதலில் எழுதச் சொல்லியிருக்கிறார்.